கச்சான் பக்கத்துச் சுவர்

எங்கள் மாவட்டத்துக் கிளைச் சிறை ஒன்றில் புதிதாகச் சேர்த்த கட்டடம் நான் வரைந்தது. கட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றதும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் கட்டினேன், ஆஸ்பத்திரி கட்டினேன் என்று மற்ற இன்ஜினியர்கள் நெஞ்சை நிமிர்த்தலாமாம். ஜெயில் கட்டியவள் மட்டும் ஏன் தலையைக் குனிய வேண்டும்?

ஆனால் ஒரு தப்பும் செய்தேன். நான் பாம்பன்காரி. எங்கள் தெருவில் ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் சோற்றுத் தட்டில் மணல் விழும். அதனால் அந்தப் பக்கம் யாரும் ஜன்னல் வைக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது போலிருக்கிறது. சிறைக்குப் பிளான் போட்டபோதும் தென்மேற்கில் முழுச் சுவராக வரைந்துவிட்டேன். சிறை இருப்பது கடலைவிட்டு உள்ளே தள்ளி, கருவேலங்காட்டை ஒட்டி. அங்கே பறந்து வர மணலே இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கடலாடிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனாருக்கு ஏறியது. சுவர் இடுப்பளவு எழும்பியபோதே கேட்டார்.

“ஏம்மா, காத்து வார பக்கத்த அடைக்கிறீகளே, சரியா வருமா?”

“பிளான்ல உள்ளபடி கட்டுங்கண்ணே” என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் யாராவது யோசனை சொன்னால் முதலில் கோபம்தான் வரும், புத்தி பிறகுதான் வரும்.

மேல்தளம் போட்டு, அதைத் தாங்கிய முட்டுக்கட்டைகளைப் பிரித்த பிறகு, ஒரு மதியம் அளவு பார்க்க உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே கருவேல மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன; உள்ளே ஒரு பொட்டுக் காற்று இல்லை. நான் நினைத்தபோது வெளியே வந்துவிடலாம். இங்கே அடைபடப் போகிற விசாரணைக் கைதிகள் அப்படி வர முடியாது. தீர்ப்புகூட வராத ஆட்களை என் பழக்கத்துக்காக வேகவைக்கப் போகிறேனே என்று எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது.

மறுநாள் பெரிய இன்ஜினியரிடம் போய் என் தப்பு என்று ஒத்துக்கொண்டேன். “கையெழுத்தான பிளானை இப்ப போய் மாத்துறதா? ஃபேன் போட்டாச் சரியாயிடும்” என்றார். விவாதம் செய்து பயனில்லை என்று, உச்சி வெயிலில் வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார். அறையின் கடைசி மூலைக்கு அழைத்துப் போய், “ஒரு பத்து நிமிஷம் இங்கன நில்லுங்க சார், வாரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கம்பிக் கதவையும் சாத்தித் தாழ் போட்டேன். கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். ஐந்தாவது நிமிஷமே உள்ளிருந்து குரல் வந்தது.

“சரிம்மா, உடைச்சுக்கங்க. மொதல்ல கதவத் திறங்க!”

தூண்கள் தாங்கும் கட்டடம். சுவரை உடைப்பதில் ஆபத்தில்லை. கைக்கு எட்டாத உயரத்தில் வரிசையாக நீளத் திறப்புகள் வெட்டி, கனமான கம்பி பதித்தோம். முதல் திறப்பை வெட்டுமுன் கொத்தனாரிடம், “அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்ணே” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உளியைக் கையில் எடுத்தார். முதல் துண்டுச் சுவர் பெயர்ந்து விழுந்ததும் காற்று சிமெண்ட் தூசியை எங்கள் முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே சிரித்தேன்.

கட்டடம் திறந்து ஒரு வருஷம் போயிருக்கும். எங்கள் தெரு மீனவர் ஒருவர் அடிதடி வழக்கில் சில வாரம் அங்கே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வெக்கையாக இருந்ததா என்று கேட்டேன்.

“வெக்கையெல்லாம் இல்லத்தா. மேல தெறப்பு இருக்கு, கச்சான் நல்லா வரும். அது ஓங்கி அடிச்சா மகன் இன்னிக்குக் கடலுக்குப் போயிருக்க மாட்டான்னு நிம்மதியாத் தூங்குவேன். அடங்குச்சுன்னா போயிருப்பான்னு முழிச்சிருப்பேன்.”

நான் காற்றுக்காக மட்டும்தான் வெட்டினேன். அது நான் வைத்த திறப்பு என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.