மனோரஞ்சிதத்தின் அடிக்கிளைகள்

மனோரஞ்சிதம் வைத்த வீட்டுக்குப் பாம்பு வரும் என்று எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். இன்று மாலை, குற்றாலச் சாரல் தென்காசி வரை வந்து ஓய்ந்தபின், பழுத்து மஞ்சளான ஒரு பூவின் மணம் ஜன்னல் வழியே வந்தது. கூடவே, அரிவாளுடன் அந்தச் செடியருகே நின்ற அப்பாவும் நினைவில் வந்தார்.

ஆய்க்குடியில் தன் பிறந்த வீட்டிலிருந்து அம்மா கொண்டுவந்து வளர்த்த செடி அது. முதல் பூ மணத்த அன்றே, பக்கத்து வீட்டில் அரிசி வியாபாரம் செய்த அண்ணாச்சி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"அத வெட்டிப் போடுங்க. பாம்பு வந்து எம் பிள்ளையள கடிச்சா யாரு பதில் சொல்லுவா?"

அப்பா உடனே அரிவாளை எடுத்துவிட்டார். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கி, தரையைத் தொட்ட அடிக்கிளைகளை மட்டும் கழித்தாள். சருகைக் கூட்டி அள்ளினாள். செடிக்கு அடியில் மண் பளிச்சென்று தெரிந்தது.

"பாம்பு வாசத்துக்கு வராது அண்ணாச்சி. ஒளியவும் எலி பிடிக்கவும்தான் வரும். இங்கன ரெண்டும் இல்ல. உங்க அரிசி மூட்டைக்கு அடியில பாருங்க."

அப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த மழைக்காலத்தில் பாம்பு வரத்தான் செய்தது, அண்ணாச்சியின் மூட்டைகளுக்கு நடுவே. மறுநாள் காலையும் அம்மா செடியடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி மறுபடியும் மதிலருகே வந்து நின்றார்.

"நமக்கும் ஒரு கன்னு குடு, தாயி."

நிமிர்ந்து நின்ற அம்மாவை அன்று பெருமையோடு பார்த்தேன். தினமும் காலையில் அந்த மண்ணை அவள்தான் கூட்டினாள். இப்போது வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான், நான் கூட்டுகிறேன்.