வான்னெஸுக்கு வராத வரி

லுட்கார்ட் பேசும்போது நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே சொல்வார். "சூப் ஆறுது கமா சாப்பிடு முற்றுப்புள்ளி." கெண்ட் நகரத்து சப்டைட்டில் நிறுவனமொன்றில் நான் மாணவியாகப் பகுதிநேரம் சேர்ந்த காலம் முதல், அங்கே மூத்தவரான இந்தப் பெண்மணியைக் கவனித்து வந்தேன். அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. எங்கள் வேலை அப்படி. பதிவைக் காதில் கேட்டபடியே அதே சொற்களை நிறுத்தக்குறிகளோடு மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். கணினி அதை எழுத்தாக்கும். குரலில் உணர்ச்சி கலந்தால் திரையில் கண்டதெல்லாம் விழும். அதனால் சாவுச் செய்தியையும் கோல் விழுந்ததையும் ஒரே தட்டையான குரலில் சொல்வார்.

என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அடுத்தவர் பேச்சைத் திருப்பிச் சொல்லவா இவ்வளவு படித்தேன் என்று குழம்பிக் கிடந்த நாட்களில்தான் லுட்கார்டின் அண்ணன் வான்னெஸ் ஒரு பழைய வீடியோவோடு வந்தார். நடுவயதில் காது முற்றிலும் போனவர். நேரில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்; வீடியோவின் மங்கலில் உதடுகள் பிடிபடவில்லை. வீடியோவில் இருந்தது அவர்களுடைய அம்மாவின் கடைசிப் பிறந்தநாள்.

"நான்தான் எடுத்தேன். படம் ஆடாம இருக்கணும்னே பாத்துட்டு இருந்துட்டேன். அம்மா பேசுனதுல ஒண்ணும் மனசுல நிக்கல," என்றார் அறை அதிர. "ஊருக்கெல்லாம் எழுதுற, அண்ணனுக்கு எழுத மாட்டியா?"

"கத்தாத. எனக்குக் காது இருக்கு."

"அந்தத் திமிருதான் உனக்கு!"

இருவரும் சிரித்தார்கள்.

அம்மாவின் பேச்சைத் திருப்பிச் சொல்லும்போது மட்டும் லுட்கார்டின் குரல் தட்டையாக நிற்கவில்லை. கணினி உளறியது. கையாலேயே தட்டச்சு செய்தார். "கதவச் சாத்துங்க, குளிருது." "கேக்குல சக்கரை பத்தல." அம்மா சிரித்த இடம், இருமிய இடம் எதையும் விடவில்லை.

வீடியோவின் கடைசி நிமிடத்தில் விருந்தாளிகள் போய்விட்டார்கள். பின்னால் லுட்கார்ட் தட்டுகளை அடுக்குகிறார். மணமாகாமல் அம்மாவோடே இருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். அம்மா கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்: "வான்னெஸ், நீ வந்தாத்தான் இந்த வீட்டுல ஒரு மனுசக் குரல் கேக்குது."

லுட்கார்ட் 'தெளிவில்லை' என்று அடித்தார்.

"எனக்கு நல்லாக் கேக்குதே?" என்றேன்.

"உனக்குக் காது இளசு, பட்டதாரியம்மா. எனக்குக் கேக்கல."

காதில் விழுந்ததை விடக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. அவர் அதை மீறி நான் பார்த்ததே இல்லை. அந்த நிமிடத்தை மறுபடி ஓட்டினார். பிறகு மறுபடியும். அம்மாவின் முகம் ஒரு தடவையாவது தட்டுகள் பக்கம் திரும்பாதா என்பதுபோல் திரையையே பார்த்திருந்தார்.

"நல்ல ஹெட்ஃபோன் வரட்டும், அந்த இடத்தைக் கேட்டு எழுதித் தர்றேன்," என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தார். ஹெட்ஃபோன் வந்தது. அந்த வரி மட்டும் அண்ணனுக்குப் போகவில்லை. பிப்ரவரியில் லுட்கார்ட் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காபிக்கு உட்கார்ந்தபோது வான்னெஸ் என் எதிரில் வந்து அமர்ந்தார்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்தா. ஒரு வரி மட்டும் பாக்கி வச்சிட்டுப் போயிட்டா," என்றார், இம்முறை மெதுவாக. "நீயும் கூட இருந்தியாமே?"

என் உதடுகளையே பார்த்தார். நான் தலையை நிமிர்த்தாமல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.