கையெழுத்துக்குப் பிறகு சொன்னது

ஆய்வு மாணவர்கள் பதிவுசெய்து வரும் பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. துறையில் எல்லோருக்கும் அவள் ‘ஹெட்போன்’. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கணினி, ஒலியை நிறுத்த காலடியில் ஒரு பெடல். பதிவில் குக்கர் விசில் அடித்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவாள்.

படுத்த படுக்கையானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நாற்பது கேள்வியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்று அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது பேட்டி ஒரு தையல்காரம்மாவுடையது. பன்னிரண்டு வருடமாகக் கணவரைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி சொன்னார். என் முக்கிய அத்தியாயத்துக்கு அதுவே தலைப்பு என்று முடிவு செய்திருந்தேன்.

தட்டச்சாகி வந்த தாளில் அந்த வரிக்குக் கீழே இப்படி இருந்தது: (அழுகிறார். பதினாறு விநாடி. ஆய்வாளர் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்: வீட்டில் எத்தனை அறைகள்?)

“இதை எடுத்துடும்மா. கைடு பாத்தா என் மானம் போயிடும்.”

“காதுல விழுந்ததை அடிச்சேன் சார். நல்லவேளை, அறையை அளக்க டேப்பை நீட்டாம விட்டீங்க.”

“கிண்டலா?”

“இல்ல சார். அந்த வரியைப் போடலாமான்னு அவங்களைக் கேட்டீங்களா?”

“கையெழுத்தே வாங்கிருக்கேனே!”

“அது பேட்டிக்கு முன்னாடி வாங்கினது. இப்படிச் சொல்லப்போறோம்னு அப்ப அவங்களுக்கே தெரியாதே.”

இரண்டு நாள் அவள் மேசைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் தாளோடு தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். வாசிக்க ஆரம்பித்ததும் மிஷினை நிறுத்தினார்.

“சத்தமாப் படிக்காதீங்க தம்பி. அன்னைக்கு அவர் தூங்கிட்டிருந்தார். இப்ப முழிச்சிருக்கார்.”

தாளை வாங்கி அவரே படித்தார்.

“அழுதது இருந்துட்டுப் போகட்டும். அந்த ஒரு வரி மட்டும் வேணாம். என்னிக்காவது என் மகன் படிப்பான்.”

எடுத்துவிட்டேன். அதனால்தான் இங்கேயும் அது இல்லை. தலைப்பில்லாமல், நடுவில் ஓட்டையோடு வந்த அத்தியாயத்தைக் கைடு திருப்பிக் கொடுத்தார். ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போனது. மற்ற பெண்களிடமும் தாள்களைக் காட்ட வேண்டும் என்று ‘ஹெட்போனி’டம் போய் நின்றேன். அவள் ஏற்கெனவே ஒரு கட்டு அச்செடுத்து வைத்திருந்தாள்.

“பெரிய எழுத்துல போட்டிருக்கேன் சார். எல்லார்கிட்டயும் கண்ணாடி இருக்கும்னு சொல்ல முடியாது.”