கவிதா வீட்டில் வைத்த தாய்லாந்து சூப்

பாங்காக்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டுக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தாய் எழுத்து அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சட்டிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்ததால், தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நாலு மாதம் தினமும் அதைப் பார்த்தபடியே மேலே போய், மிளகாயும் மல்லியும் வறுத்துக் குழம்பு வைத்தேன். ஒரு நாள் வீட்டுக்காரம்மாள் கதவைத் தட்டினார். மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரித்துக்கொண்டே "கேக், கேக்" என்றார். கேக் கேட்கிறார் போல என்று மறுநாள் ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிறகுதான் பக்கத்து வீட்டு நொய் அக்கா விளக்கினாள். இந்தியர்களை இங்கே கேக் என்பார்களாம். விருந்தாளிக்கும் அதே சொல்தானாம். லிஃப்டில் ஒட்டியிருந்தது எனக்காகத்தான் எழுதியது. மசாலா வாசனை வரக்கூடாது.

நான் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வேறு வீடு தேடி அலைய நேரமில்லை. யாரும் முகம் சுளிக்காத வாசனை ஒன்றை நொய் அக்காதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். தொம் கா கை. கா என்பது நம் அரத்தை மாதிரி ஒரு கிழங்கு. கை என்றால் கோழி. போனில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "கோழிக்குப் பேரு கையா? அப்ப கைக்கு இன்னா சொல்லுவாங்க?" என்று சிரித்தாள். அரத்தையையும் எலுமிச்சைப் புல்லையும் நசுக்கிப் போட்டு, தேங்காய்ப் பாலில் கோழியை வேகவைத்து, காளானும் மீன் சாறும் சேர்த்து இறக்கவேண்டும். எலுமிச்சம்பழத்தை மட்டும் கொதியில் பிழியக்கூடாது. முதல் நாள் நான் பிழியப் போனபோது நொய் அக்கா என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு என் விரல்களைப் பிடித்து அவளே பிழிய வைத்தாள். அப்புறம் ஒரே கரண்டியில் இரண்டு பேரும் ருசி பார்த்தோம்.

கவிதா போன வருஷம் பாங்காக் வந்தாள். திண்டிவனத்தில் மூன்று வருஷம் நானும் அவளும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்குத்தான். ஓமந்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அவள் அப்பாவுக்கு நிலம் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே என் அம்மா அந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியிருக்கிறாள். இருந்தும் ஊருக்குள் இருக்கும் கவிதாவின் வீட்டுக்குக் காலனியிலிருந்து நான் ஒரு முறைகூடப் போனதில்லை. அவள் கூப்பிட்டதில்லை, நான் கேட்டதுமில்லை. கல்யாணமாகி விழுப்புரம் போனவள், புருஷனோடு நாலு நாள் டூர் வந்தாள். எதில் எந்தக் கறியைப் போட்டிருப்பார்களோ என்ற பயத்தில் இருவரும் ரொட்டியும் வாழைப்பழமுமாக இருந்தார்கள். என் வீட்டுக்குக் கூட்டிவந்து இந்த சூப்பை வைத்துக் கொடுத்தேன். அவள் புருஷன் மூன்று கிண்ணம் குடித்தார். கவிதா என் தட்டிலிருந்தே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டாள். "ஏ ஸ்டெல்லா, நீ ஊருக்கு வந்தா எங்க வூட்டுக்கு வந்து இத செஞ்சிக் காட்டணும்டி" என்றாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த ஏப்ரலில் லீவுக்கு ஊருக்குப் போனேன். பெட்டியில் காய்ந்த அரத்தையும் எலுமிச்சைப் புல்லும் மீன் சாறும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்கினேன். கவிதாவின் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"கவிதா ஊருதாங்க."

"அந்த ஊர்ல யார் வூடு?"

நான் வாய் திறப்பதற்குள் கவிதா முந்திக்கொண்டாள். "அவ வேற தெரு அத்தை. பாங்காக்ல டீச்சரா இருக்குறா."

மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகவே கொல்லைப்புறம் போனோம். சமையலறைக் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. "பஸ்ல வந்து அலுத்துப் போயிருப்ப. நீ இங்க ஒக்காந்துக்கினு சொல்லு, நான் செய்றேன்" என்றாள் கவிதா. நான் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டேன். வெளியே இருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் நன்றாகத்தான் செய்துகொண்டு வந்தாள். பால் கொதிக்கும்போது எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழியத் தொடங்கினாள். "ஏய் இரு, இரு" என்று உள்ளே ஓடிக் கரண்டிக்குக் கை நீட்டினேன். கரண்டியை அவள் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கண் கூடத்துப் பக்கம் போய் வந்தது. "இருடி, நான் பாத்துக்கிறேன். நீ ஒக்காரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முப்பத்துநாலு வயது. இரண்டு நாட்டில் வேலை பார்த்தவள். அவ்வளவு நேரம் எனக்கு விளங்காமல் இருந்திருக்கிறது.

பால் திரிந்து போயிற்று. கூடத்தில் எல்லோருக்கும் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினார்கள். கவிதா எனக்கு ஒரு பேப்பர் கப்பைக் கொண்டுவந்து கொல்லைக் கதவருகே நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்ல, மோர்க்கொழம்பு மாரி இருக்குது. எங்க கத்துக்கின?" என்றார்.

"அங்க ஒரு ஓட்டல்ல குடிச்சோம் அத்தை. ஸ்டெல்லாதான் ஓட்டலுக்கு வழி காட்டுனா."

அவள் புருஷன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கப்பைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

"ஓட்டல் இல்லீங்க," என்றேன். "என் வூட்டுல. நான் வெச்சது. உங்க மகன் மூணு கிண்ணம் குடிச்சாரு. கவிதா என் தட்டுலதான் சாப்புட்டா."

மாமியார் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். என்னைத் தாண்டிக் கொல்லைக் குழாய்க்குப் போய் வாயைக் கொப்பளித்தார். சத்தமாக, இரண்டு முறை. திரும்பி வரும்போது கவிதாவிடம், "பசங்களுக்குக் குடுக்காத, சளி புடிக்கும்" என்றார்.

கேட் வரைக்கும் கவிதா பின்னாலேயே ஓடிவந்தாள். அழுதிருந்தாள். "ஏன்டி என்ன இப்டி மாட்டி வுட்ட? நான் இங்கதான வாழணும்?"

"நான் எங்க வாழணும் கவிதா?"

"உனக்கென்னா, பாங்காக்ல இருக்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டுமுடிக்கும் வரை முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்தினி வருசமா அவங்க நெலத்துல வேல செய்றேன். ஒரு நாளு அந்த வூட்டு நடையேறி இருப்பனா? நீ இன்னாத்துக்குப் போன?" என்றாள்.

"அவதாம்மா கூப்புட்டா."

"கூப்புட்டா போயிடறதா? போனவ வாய மூடிக்கினு வர்றதுதான? நீ பத்து நாள்ல பிளேன் ஏறிடுவ. நான் நாளைக்கி யார் மொகத்துல முழிக்கறது?"

சம்பந்தி வீட்டிலிருந்து கவிதாவின் அப்பாவுக்கு அன்று சாயந்திரமே போன் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து மல்லாட்டை பிடுங்க ஆள் கூப்பிடும் பெண் காலையில் எங்கள் தெருவுக்கு வந்தாள். வாசல் வாசலாகக் குரல் கொடுத்தவள், எங்கள் வாசலில் மட்டும் கொடுக்கவில்லை. அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

"இன்னாடி, நான் வரலியா?"

"ஆளு போதும்னுட்டாருக்கா" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது தெருக்கோடியைப் பார்த்தாள்.

அம்மா துண்டை அவிழ்த்து, அதை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். கூலி இல்லாவிட்டால் பட்டினி கிடக்கப்போவதில்லை. அந்தக் கவலை தீரத்தான் நான் வெளிநாடு போனேன். ஆனால் அம்மா வேலைக்குப் போனது பேச்சுக்காக. பத்துப் பெண்களோடு வரிசையாகக் குனிந்து, செடியை உதறி, ஊர்க்கதை அத்தனையும் பேசித் திரும்புவாள். அவளுடைய நாள் முழுவதும் அதுதான். அதை நான் ஒரு வாக்கியத்தில் பிடுங்கிவிட்டேன். என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினேன். "அங்க வந்து நான் யார்கூட பேசிக்கினு இருப்பேன்?" என்றாள்.

நான் சொன்னது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சொன்னவள் நான், அனுபவிப்பவள் அம்மா. விமானத்தில் வரும்போது வழியெல்லாம் இதையேதான் கணக்குப் போட்டேன். நேராகவில்லை.

இப்போது பள்ளி திறந்துவிட்டது. இங்கே காலை எட்டு மணிக்குக் கொடியேற்றி நாட்டுப்பண் பாடுவார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள், டீச்சர்கள், காவலாளி, வெளியே பழம் விற்பவள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். ஊரில் அப்போது மணி ஆறரை. வேலைக்குப் போகும் பெண்கள் எங்கள் வாசலைக் கடந்து போயிருப்பார்கள். அந்த நிமிஷம் பார்த்துத்தான் தினமும் அம்மா கூப்பிடுகிறாள். கையிலிருக்கும் போன் அதிர்கிறது. இன்னொரு நாட்டின் பாட்டுக்குக் கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, அசையாமல் நிற்கிறேன். கொடி முழுக்க ஏறும்வரை போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது.