ஆடு தின்னாத மஞ்சள் பூ

அண்ணியின் கிடா அந்தச் செடியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கள்ளியைக்கூடக் கடித்துப் பார்க்கிற கிடா அது. "ஆடே வாய வெக்காத செடிய எவன் தம்பி கொண்டாந்தான்?" என்றார் அண்ணி.

எவன் என்பது ஊருக்கே தெரியும். கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி வந்தது. முள்வேலி பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அதன் மேனேஜர் கீழே நர்சரியிலிருந்து வேனில் செடிகளை வரவழைத்து, சுற்றிலும் வேலியாக நட்டார். குழி தோண்டிக் கொடுத்தது என் அண்ணன்தான். மணிமணியாக மஞ்சள் பூ. காய் வெடித்தால் விதைகள் காகிதத் துணுக்குகள் போலக் காற்றில் பறக்கும். விடுதிக்குப் பின்னால் இருந்த சரிவில்தான் எங்கள் ஆடுகள் மேயும். சில மழைக்காலங்களுக்குள் சரிவு முழுக்க மஞ்சளாகிவிட்டது. அடியில் ஒரு புல் இல்லை. அண்ணி வெட்ட வெட்ட, வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்த்தது. மழையில் அழுகிய பூ செருப்பில் சளி போல ஒட்டும்.

அண்ணி மேனேஜரிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"சார், ஒங்க செடி எங்க காட்டத் தின்னுகினு கீதுங்க. ஆட்டுக்கு இன்னா போடுறது?"

"பூதானேம்மா, மலையே அழகாயிடுச்சே" என்று சிரித்தார் அவர்.

வெளியே வந்ததும் அண்ணி வேலியோரம் காறித் துப்பினார். அந்த வருஷமே ஆடுகளை விற்றுவிட்டு, அண்ணனும் அவரும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள்.

போன பொங்கலுக்கு அவர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். நான் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அண்ணியும் நானும் அந்தச் சரிவோரம் நடந்தோம். காரில் வந்த ஒரு குடும்பம் பூக்களுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, போட்டோல விழறீங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள் ஒரு பெண், மரியாதையாகத்தான்.

அண்ணி தள்ளி நின்றார். பிறகு என்னிடம், "இன்னும் எவ்ளோ தூரம்டா தள்ளறது?" என்று கேட்டார்.