தறியில் விட்டுப்போன புடவை

கல்யாணமாகி நான்காம் மாதமே அவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பிட்டர் வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் எல்லாரும் தறிக்குழியில் காலை விட்டவர்கள். இவர் மட்டும் இரும்பைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் விட்டுப்போன தறியில் நான் உட்கார்ந்தேன். என் அப்பா வீட்டிலும் தறிதான், எனக்கு நெசவு புதிதில்லை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். கரை நூல் கோத்த நாடாவைத் தள்ள என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மாமனார் காலமாகிப் பல வருஷம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

நான்கு மாதத்தில் ஒரு மனிதரை எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? முதல் இரண்டு மாதம் கூச்சத்திலேயே போயிற்று. கூச்சம் விட்டுப் பேச ஆரம்பித்தபோது அவருக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்கு அவர்மேல் இருந்த ஏக்கத்தைச் சொல்ல இந்த வயதில் என்ன வெட்கம்? அவர் குரல் மறந்துவிடுமோ என்றுதான் அதிகம் பயந்தேன். முகத்துக்குப் போட்டோ இருந்தது, குரலுக்கு என்ன இருந்தது? தறிச் சத்தத்துக்கு நடுவில் அவர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். மிதியை நிறுத்திக் காது கொடுப்பேன்.

"ஏம்மா, இழை அறுந்துடுச்சா?" என்பார் மாமியார்.

"இல்ல அத்தை" என்று மறுபடி மிதிப்பேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனபிறகு, 'தனி அறை எடுத்துவிட்டேன், விசிட் விசா வாங்கிக்கொண்டு மூன்று மாதம் வந்து இருந்துவிட்டுப் போ' என்று அவர் எழுதினார். பாஸ்போர்ட் எடுத்தேன். விசா ஆபீசுக்குப் போக மாமியாரும் என்னோடு மெட்ராஸ் பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரே பாட்டு.

"அவங்க இன்னா வேணா கேக்கட்டும், பதில் சொல்லு. எப்போ திரும்பி வருவன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்காத. வாழப்போற பொண்ணு நாள் குறிச்சுக்கினு போவக்கூடாது."

வாசலில் நின்று 'போயிட்டு வரேன்' என்பது வேறு, அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் புருஷனோடு வாழப் போகிறவள் இத்தனை நாளில் திரும்புவேன் என்று கணக்குச் சொன்னால் வாழாவெட்டியாக வந்து நிற்பாள் என்பது எங்கள் தெருப் பெண்களின் சட்டம். நானும் அதில் வளர்ந்தவள்தானே, தலையாட்டினேன்.

ஆபீசில் ஒரு அதிகாரி, பக்கத்தில் அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு குமாஸ்தா. கல்யாணப் போட்டோவைப் பார்த்தார்கள், அவர் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாம் நன்றாகவே போயிற்று.

"எப்போம்மா திரும்பி வருவீங்க?" என்றார் குமாஸ்தா.

மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஐயா கேக்கறாரும்மா. மூணு மாசத்துல வந்துடுவேன்னு சொல்லுங்க, அவ்ளோதான்."

"அத என் வாயால சொல்லக் கூடாதுங்க."

அதை அவர் இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, அதிகாரியின் புருவம் ஏறியது. போனால் வரமாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை மேசைமேல் என் பக்கம் தள்ளினார்கள். இப்படி ஒரு பதிலைச் சொல்லி விசாவைக் கோட்டை விட எங்கள் தெருக்காரியால்தான் முடியும்.

வெளியே காத்திருந்த மாமியார் நடந்ததைக் கேட்டுவிட்டு, "போனா போவுது, நீ சொல்லாம இருந்தியே, அதுவே போதும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"உங்க புள்ளகிட்ட நான் போய்ச் சேரணுமா, வேணாமா?" என்று கத்தி அழுதேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியும் மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

'ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?' என்று சிங்கப்பூரிலிருந்து அவர் கடிதம் வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் எனக்கு வராதா? பதில் போடாமல் இருந்தேன். நஷ்டம் எனக்குத்தான். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே மிதி தப்பும், மாமியார் ஒன்றும் கேட்காமல் இழையைச் சரிசெய்வார்.

தறியில் ஏற்றியிருந்த பாவு நூலில் கடைசிப் புடவை நெய்துகொண்டிருந்தோம். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. பாதி வந்திருக்கும், மாமியார் நாடாவைக் கீழே வைத்தார்.

"எழுந்திரும்மா. நாளைக்கு மெட்ராஸ் போவலாம்."

"பாதியில நிக்குதே அத்தை?"

"அதுக்குத்தான் சொல்றேன். நீ திரும்பி வரேன்னு சொல்ல வேணாம். தறியில பாதிப் புடவ நிக்குதுன்னு சொல்லு. மிச்சத்த அவங்களே புரிஞ்சுக்கட்டும்."

எங்களில் ஒருவர் தொடங்கிய புடவையை இன்னொருவர் முடிப்பதில்லை. இழையை அடித்து நெருக்குகிற அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். கை மாறிய இடம் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். பாதிப் புடவையை விட்டுப் போகிறவள் வந்துதான் ஆகவேண்டும்.

அதே குமாஸ்தா, அதே கேள்வி. "தறியில பாதிப் புடவ நிக்குதுங்க. வேற யாரும் கை வெக்கக் கூடாது. மூணு மாசத்துக்கு மேல விட்டா எலி கடிச்சிடும்" என்றேன். குமாஸ்தா சிரித்துக்கொண்டே சொன்னார், அதிகாரியும் சிரித்துவிட்டார். விசா கிடைத்தது. எங்கள் வீட்டு எலிகளுக்கு என் ஜென்மத்தில் செய்த ஒரே மரியாதை அதுதான்.

வழியனுப்ப வந்தவர்கள் எல்லாம் 'போயிட்டு வா' என்றார்கள். மாமியார் மட்டும் என் தலையில் பூவைச் செருகி, "நல்லா இரும்மா" என்றார். கப்பல் ஏறுகிற அவசரத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரில் எங்களுக்கு ஒரே அறை. மழை பெய்தால் தகரத்தில் ஓயாத இரைச்சல். முதல் வாரம் முழுக்க அவரைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா பேசறது?" என்பார்.

"எதுனா பேசுங்க. பஸ் நம்பர் சொன்னாலும் சரி."

நிஜமாகவே பஸ் நம்பராகச் சொல்லிக்கொண்டு போவார். நான் சிரித்துச் சிரித்து அழுதுவிடுவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மூன்றாம் மாதம் அவர் சொன்னார்: "விசாவ நீட்டித் தருவாங்களாம், விசாரிச்சுட்டேன். இருந்துடேன்."

எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனால் அடுத்த வீட்டுக்காரர் கையால் மாமியார் எழுதி அனுப்பிய கடிதம் வந்திருந்தது. எல்லாரும் சௌக்கியம், தறியைப் பற்றிக் கவலைப்படாதே என்று இருந்தது. கவலைப்படாதே என்று ஒரு மாமியார் எழுதினால் என்ன அர்த்தம் என்று எந்த மருமகளுக்குத் தெரியாது? நான் இல்லாமல் தறி ஓடாது. பாதிப் புடவையைப் பார்த்துக்கொண்டு அத்தை ஒண்டியாக உட்கார்ந்திருப்பார்.

"அத்தை தனியா இருக்காங்க" என்றேன். அவரைப் பெற்றவளாயிற்றே, அவரே போய்க் கப்பல் டிக்கெட் எடுத்து வந்தார். துறைமுகத்தில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தறியைத்தான் பார்த்தேன். தறி காலியாக இருந்தது. பாவு இல்லை, புடவை இல்லை. அடுப்படியிலிருந்து வந்த மாமியார் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா வந்த? நீ போன மறுவாரமே பக்கத்துத் தெருவுல ஆள் வெச்சு நெய்ஞ்சு முடிச்சு அறுத்துட்டேனே! தறி உன்னப் புடிச்சு இழுத்துக்கினு வந்துடக் கூடாதுன்னுதான் அறுத்தேன்."

"சொல்லியிருக்கலாமே அத்தை?"

"கவலப்படாதன்னு எழுதச் சொன்னேனே. வேற எப்படிச் சொல்றது? ஊட்டுப் பொண்ண வராதன்னு வாயால சொல்ல முடியுமா?"

இருவரும் காலித் தறியைப் பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு அவர் எனக்குச் சோறு போட்டார்.

கை மாறிய புடவையைக் கடைக்காரர் பார்த்ததுமே திருப்பிவிட்டாராம். அதை மாமியார் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். நடுவில் அந்தக் கோடு இருக்கிறது, விரலால் தடவினாலே தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் நெய்தது. அந்தப் பக்கம் நெய்யப்பட்டபோது நான் சிங்கப்பூரில் அவரோடு இருந்தேன். அவர் ஊரோடு திரும்பி வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதுவரை நினைப்பு வந்தபோதெல்லாம் பெட்டியைத் திறந்து, நான் நெய்யாத அந்தப் பாதியைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.