காலியாக இருக்க வேண்டிய நாற்காலி

மாமல்லபுரம் பஸ் நிலையத்தின் எதிரே பந்தல் போட்டிருக்கிறார்கள். திருப்போரூர் பஸ் இன்னும் வரவில்லை என்பதால் நிழலுக்காக உள்ளே நிற்கிறேன். எழுதியதற்காகச் சிறையில் கிடக்கும் ஒரு வெளிநாட்டு எழுத்தாளரை விடுவிக்கச் சொல்லிக் கூட்டம் நடக்கிறது. முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய படத்தை வைத்திருக்கிறார்கள். அது அவருடைய இடமாம். வேறு யாரும் உட்காரக் கூடாதாம்.

கூட்டம் நடத்தும் பெண், “அண்ணா, மைக்கு கரகரன்னுது, பாத்துட்டு வரேன். இதுல யாரையும் உட்கார வுடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடுகிறார். எனக்கோ கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சம்.

காக்கிப் பேண்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் வருகிறார். யார் என்ன பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு போக வந்த போலீஸ்காரர். படத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறக்கிறார்.

“சார்... அதுல உட்காரக் கூடாது சார்.”

“இன்னாய்யா, உன் வூட்டு நாற்காலியா?”

“ஜெயில்ல கீறவரோடது சார்.”

“இன்னா கேஸு?”

“எழுதினாராம் சார்.”

தன் பேனாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, பேண்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

“சரி, படத்த புடிச்சிகினு நிக்கிறியே, உன் பேரு இன்னா?”

அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறார்.

படத்தை நாற்காலியில் திரும்ப வைக்கிறேன். திருப்போரூர் பஸ் வந்து ஹார்ன் அடிக்கிறது. போலீஸ்காரர் கால் மாற்றி நின்றபடி நாற்காலியையே பார்க்கிறார். பஸ் போகட்டும் என்று நிற்கிறேன்.